சனிக்கிழமை அறை

மாமா என்றுதான் இன்னும் கூப்பிடுகிறேன்.
அவர் மகள் மெல்பர்னில் வேறொருவரோடு
நலமாக இருக்கிறாள்.
எங்கள் தாளில் நீதிமன்றம் முத்திரை குத்தி
ஆறு வருஷம்.
குத்தும்போது யாரும் கேட்கவில்லை,
ஞாயிற்றுக்கிழமை மருந்துப் பெட்டியை
இனி யார் நிரப்புவதென்று.

ஜெலுத்தோங் பிளாட்டில் பதினொன்றாம் மாடி.
லிப்ட் ஓடினால் மாமா வீடு,
ஓடாத வாரம் தண்ணீர்மலை.

இரண்டு வெள்ளிக் கடையில் வாங்கிய பெட்டி.
ஏழு மூடியிலும் இங்கிலீஷ் எழுத்து,
எஸ் இரண்டு, டி இரண்டு.
பிளாஸ்திரி ஒட்டித் தமிழில் எழுதினேன்.
வி-யும் வெ-யும் அவர் கண்புரைக்கு ஒன்றுதான்:
ஒரு வியாழன் காலையில் வெ-யைத் திறந்து விழுங்கி
மாலையில் வி நிறைந்திருக்கக் கண்டு
அதையும் விழுங்கி
தலைசுற்றி உட்கார்ந்திருந்தார்.
வெள்ளிக்கு ஒரு விளக்கு வரைந்தேன்.
பலூன் மாதிரி இருக்கிறதென்றார்.

மருந்துப் பைகளில் மலாய் அச்சு.
பேசுவார், படிக்க வராது.
செபெலும் மக்கான், செலெபாஸ் மக்கான்,
சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின்.
அவர் சாப்பாடே தேநீரில் நனைத்த இரண்டு ரொட்டி,
அதில் முன் எது, பின் எது.

நாலு வாரமாகச் சனிக்கிழமை அறையில்
ஒன்று மட்டும் மிஞ்சியது.
மற்றதெல்லாம் உள்ளே போயிருக்கும்,
தண்ணீர் மாத்திரை மட்டும் மூலையில்
வாடகை கட்டாத குடித்தனக்காரன் போல.

மறதி என்று நினைத்தேன்.
வயதானவர் என்றால்
அப்படி நினைப்பதுதான் நமக்கு வசதி.
கைப்பேசியில் மணி வைத்துக் கொடுத்தேன்.
மணியை அடக்கிவிட்டு பஸ்ஸுக்குப் போயிருக்கிறார்.
அன்றைக்குக் கொஞ்சம் கத்திவிட்டேன்,
கத்தும் உரிமை எந்தத் தாளில் இருக்கிறதென்று
தெரியாமலே.

அவர் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.
"சனிக்கிழமை பாகான் போறேன்ல.
பூன் ஹாக் இருக்கான், அங்க ஒரு ஹோம்ல.
பெர்ரியில என்கூடக் கயிறு இழுத்தவன்.
டாம் விளையாடுவோம்.
அந்த மாத்திரையைப் போட்டா
அரை மணிக்கு ஒருதரம் எந்திரிக்கணும்.
எந்திரிச்சுப் போயிட்டு வந்தா
அவனுக்கு நான் யாருன்னு தெரியல.
மறுபடி பேரு சொல்லி, பெர்ரி பேரு சொல்லி,
காயை முதல்லேருந்து அடுக்கணும்.
நான் ஜெயிக்கிற ஆட்டமா இருந்தாலும்."

என்னிடம் பதில் இல்லை.
குனிந்து அவர் கணுக்காலில்
கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.
பள்ளம் விழுந்தது.
எழுந்து வர வெகு நேரம் ஆனது,
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திங்களன்று அரை நாள் லீவு.
கிளினிக்கில் மருந்து கொடுக்கும் முகப்பில்
அந்தப் பெண் கார்டைப் பார்த்துக் கேட்டாள்,
ஹுபுங்கான்?
மெனந்து, என்றேன்.
மருமகன். எழுதிக்கொண்டாள்.
அவ்வளவு சுலபமாக இருந்தது.

டாக்டரிடம் உள்ளே போய்க் கேட்டு வந்து சொன்னாள்:
சனிக்கிழமை மட்டும்
நாலு மணிக்குத் திரும்பியதும் போடட்டும்.
ராத்திரிக்குத் தள்ள வேண்டாம்,
இருட்டில் எழுந்து விழுவார்.
தினமும் எடை பார்த்து எழுதட்டும்.
மூச்சு வாங்கினால்
ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்காதீர்கள்.

ச என்ற எழுத்துக்குக் கீழே
ஒரு கப்பல் வரைந்தேன், கரையைப் பார்த்து வருவதாக.
அதை மட்டும் அவர் குறை சொல்லவில்லை.

இன்றைக்கு வந்தேன். லிப்ட் ஓடியது.
நேற்றைய அறை காலி.
விழுங்கினாரா, ஜன்னல் வழியே எறிந்தாரா,
கேட்கவில்லை.
பெட்டியை நான் திறக்கும்போதே
காலை நீட்டிவிட்டார்.

அழுத்தினேன்.
பள்ளம் போன வாரத்தைவிடச் சீக்கிரம் நிரம்பியது.
பூன் ஹாக் ஜெயிச்சுட்டான், என்றார்
புகார் மாதிரி.